பிரான்சுக்குப் போகும் கடலூர்ப் பெண்ணுக்கு: மனதுக்குப் பிடித்த வேலையை அங்கே எப்படித் தேடுவது?

கேள்வி இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் 28 வயதுப் பெண் கேட்டிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, சிப்காட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையனோடு கல்யாணம் முடிந்திருக்கிறது. அடுத்த வருடம் பாரிஸுக்கு வடக்கே உள்ள சார்செல் ஊருக்குப் போகிறார். "அங்கே நம்ம படிப்பை யாரும் மதிக்க மாட்டாங்க, க்ளீனிங் வேலைதான், இல்லாட்டி வீட்டோட இருக்கணும்னு சொல்றாங்க. சம்பளத்துக்காக மட்டும் ஒரு வேலை எனக்கு வேண்டாம், நிறைவா ஒன்னு வேணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

நான் புதுச்சேரிக்காரி. பாரிஸ் புறநகரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது லாஸ்பேட்டையில் வெளிநாடு போகும் பெண்களுக்கு பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி கேட்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்விக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ரிசல்ட் லிமிட்டைத் தாண்டிப் போச்சுன்னா லேப்ல எல்லாரும் டென்ஷன் ஆவாங்க, எனக்கு அப்பத்தான் வேலையே பிடிக்கும்." எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

ஒரு பேட்ச் தேறவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்டாண்டர்டை எடை போட்டதில் பிசகா, கரைசலின் பி.ஹெச். மாறியதா, கரைசலில் இருப்பதைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியின் பிரிப்புக் குழாய் பழசாகிவிட்டதா, சாம்பிளை நீர்க்கச் செய்யும்போது யாராவது குடுவையை மாற்றி எடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பீர்கள். லேபில் தவறே இல்லை என்றால் பிளான்டுக்குள் போய் அங்கே என்ன மாறியது என்று கேட்பீர்கள். கடைசியில் காரணம் கிடைக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் நிறைவு என்கிறீர்கள். உங்கள் தொழில் அந்தத் தேடல். எம்.எஸ்சி. உங்களை அந்த லேபுக்குள் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் பெண்கள் வெளிநாடு போனதும் முதலில் பட்டத்தின் பெயரை வைத்து வேலை தேடுகிறார்கள். சில மாதங்களில் அந்தக் கதவு திறக்கவில்லை என்றதும் மனசு விட்டுப்போய், கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: நான் இதுவரை செய்த வேலையில் எந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, அந்தப் பகுதி இந்த நாட்டில் எந்தெந்த வேலைக்குள் இருக்கிறது? கணக்கு டீச்சராக இருந்த ஒருவருக்குக் கணக்கு பிடித்திருக்கலாம், பிள்ளைகள் பிடித்திருக்கலாம், எதிரே இருப்பவருக்குப் புரியவைப்பது பிடித்திருக்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுபோகும்.

உங்கள் விஷயத்தில் பதில் ஏற்கெனவே தெளிவாக இருப்பதால், அந்தத் தேடல் எங்கெல்லாம் வேலையாக இருக்கிறது என்று பார்ப்போம்.

பிரான்சில் வேலைகள் இரண்டு வகை. சில வேலைகளைச் சட்டம் சொல்லும் படிப்பு இருந்தால்தான் செய்யலாம்: டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், வக்கீல் போன்றவை. மற்ற வேலைகளில், முதலாளிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தால் போதும். லேப் வேலையில் இந்த இரண்டு வகையும் இருப்பதுதான் பலரைக் குழப்புகிறது. ஆஸ்பத்திரியிலும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் வேலை செய்யும் லேப் டெக்னீஷியனுக்கு அந்த நாட்டுச் சட்டம் குறிப்பிட்ட டிப்ளமா கேட்கும். மருந்து, அழகுசாதனம், உணவு, தண்ணீர், பெயின்ட் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு லேபுக்கு அப்படிச் சட்டத் தடை கிடையாது. யாராவது "லேப் வேலையெல்லாம் அங்கே எடுத்துக்க மாட்டாங்க" என்று சொன்னால், அவர் முதல் வகையை மனதில் வைத்துச் சொல்கிறார். நீங்கள் இரண்டாவது வகை. பாரிஸைச் சுற்றியும் அதற்கு மேற்கிலும் இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நிறைய உண்டு. பாரிஸுக்குத் தென்மேற்கே ஷார்த்ர் நகரத்தை மையமாக வைத்து வாசனைப் பொருள், அழகுசாதனக் கம்பெனிகளுக்காக 1994-ல் தொடங்கிய 'காஸ்மெட்டிக் வேலி' என்ற கூட்டமைப்பே இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஹெச்.பி.எல்.சி., டைட்ரேஷன், ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி நடைமுறை) பழக்கம் எல்லாமே அங்கே அன்றாட வேலை.

பட்டத்துக்கு என்ன செய்வது என்றால், பிரான்சில் 'எனிக்-நாரிக்' என்ற அரசு மையம் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் பிரெஞ்சுப் படிப்பில் எந்த அளவுக்குச் சமம் என்று அது ஒரு சான்று தரும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அது வெறும் ஒப்பீடுதான், உரிமம் இல்லை. முதலாளி அதை ஏற்றே ஆக வேண்டும் என்றும் கிடையாது. இருந்தாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஆளிடம் அந்த ஒரு தாள் நன்றாகவே வேலை செய்யும். வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மொழி. ஐரோப்பாவில் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக மேலே போகும் நிலைகளாக அளப்பார்கள். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்: போவதற்கு முன் ஏ2, போய் ஒரு வருடத்துக்குள் பி1. இதற்குக் குறைந்தால் உங்கள் நான்கு வருட அனுபவம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து பிரெஞ்சு கற்றுத் தருகிறது. தேர்வும் அங்கேயே எழுதலாம். தேர்வில் 'டெல்ஃப்' எழுதுங்கள், அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. 'டி.சி.எஃப்.' என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வின் சான்று இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். மொழி என்பது வேலைக்கு மட்டுமான விஷயமும் இல்லை இப்போது. 2026 ஜனவரியிலிருந்து பல வருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று சட்டமே கேட்கிறது. எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும், அதை முன்னாலேயே படித்தால் வேலைக்கும் சேர்த்து உதவும்.

உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. லேபில் புழங்கும் பிரெஞ்சு சொற்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், சீக்கிரம் பிடிபடும். கஷ்டம் டெலிபோனில்தான். எதிரே ஆள் இருந்தால் வாயசைவையும் கையசைவையும் வைத்துச் சமாளிக்கலாம், போனில் அது கிடையாது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வரும், அந்தப் பக்கம் ஒருவர் வேகமாகப் பேசுவார், தேதியும் நேரமும் மணிக்குச் சம்பளமும் எண்ணாகவே கொட்டும். அதனால் என் வகுப்பில் எல்லோரையும் முதுகைத் திருப்பி உட்காரவைத்துத்தான் பேசிப் பழக்குகிறேன். "நான் இந்த வேலை செய்தேன், இந்தக் கருவிகள் தெரியும், இந்தத் தேதியிலிருந்து வர முடியும்" என்று இரண்டு நிமிடம் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் முதல் அழைப்பைத் தாண்டிவிடலாம்.

இப்போது கடலூரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியங்கள். போனபிறகு இவற்றுக்காக அப்பாவையோ தம்பியையோ ஆபீஸ் ஆபீஸாக அலையவிடுவது பெரும்பாடு.

முதலில் அனுபவச் சான்றிதழ். நம் கம்பெனிகள் கொடுப்பது பெரும்பாலும் நான்கு வரி: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார், நடத்தை நன்று, வாழ்த்துகள். அது போதாது. எந்தெந்தக் கருவிகளில் வேலை செய்தீர்கள், எந்த வகைப் பொருட்களைச் சோதித்தீர்கள், லிமிட் தாண்டிய ரிசல்ட் விசாரணையில் உங்கள் பங்கு என்ன, எஸ்.ஓ.பி. (வேலையைச் செய்யும் முறையை எழுதிவைக்கும் ஆவணம்) எழுதியதுண்டா, ஆடிட்டில் உட்கார்ந்ததுண்டா என்று விவரமாக எழுதி, லெட்டர்பேடில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஹெச்.ஆர். தயங்கினால் உங்கள் லேப் மேனேஜரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். இதை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. பிரான்சில் 'வே.ஆ.ஏ.' என்று ஒரு முறை இருக்கிறது. வேலை அனுபவத்தைக் காட்டியே ஒரு பிரெஞ்சு டிப்ளமா வாங்கலாம். வெளிநாட்டில் செய்த வேலையும் அதில் கணக்கில் வரும். அன்று இந்தக் கடிதம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அப்புறம் பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் பிரெஞ்சு அலுவலகங்களைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. மார்க்‌ஷீட்டில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக மேஜையில் வைத்து ஒரு மாலைப்பொழுது ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இங்கேயே சரிசெய்யுங்கள். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்து மாற்றச் சொல்லி மாமியார் வீட்டில் சொல்லலாம். பிரெஞ்சுச் சட்டப்படி பெண்ணுக்குப் பிறந்த பெயர்தான் கடைசிவரை சட்டப் பெயர். கணவர் பெயரை விரும்பினால் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டமும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இருப்பது உங்களுக்குப் பெரிய உதவி என்று எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் அப்போஸ்டீல் முத்திரை வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வையுங்கள்.

பயோடேட்டாவை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனவரா, "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்" எதுவும் வேண்டாம். ஒரே பக்கம். மேலே என்ன வேலை தேடுகிறீர்கள், அதற்குக் கீழே என்ன செய்யத் தெரியும். எம்.எஸ்சி. மதிப்பெண் சதவீதத்தை அங்கே யாரும் தேட மாட்டார்கள். எந்தக் கருவி தெரியும் என்றுதான் தேடுவார்கள்.

அங்கே இறங்கிய பிறகு: பிரெஞ்சுக்காரரின் மனைவிக்குக் கொடுக்கும் நீண்டகால விசாவிலேயே வேலை செய்யும் உரிமை இருக்கிறது. போய் மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். பிறகு குடியேற்றத்தைக் கவனிக்கும் 'ஓஃபி' அலுவலகம் அழைத்து ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும், குடிமைப் பயிற்சிக்கு அனுப்பும். அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான 'ஃப்ரான்ஸ் த்ரவாய்'யில் (2024 வரை 'போல் எம்ப்ளுவா' என்றிருந்தது) உங்கள் பெயரைப் பதியுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் ஒன்று இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த இரண்டையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவிகள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

லேபுக்குள் நுழைய மூன்று பாதை தெரிகிறது. ஒன்று 'ஆந்தெரீம்' ஏஜென்சி, அதாவது தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள். நம் ஊர் கான்ட்ராக்ட் வேலை மாதிரி தோன்றும், ஆனால் சட்டப் பாதுகாப்பு அதிகம்: அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ள அடிப்படைச் சம்பளம், பொதுவாக ஒப்பந்தம் முடியும்போது 10 சதவீதம் கூடுதல், விடுமுறைக்கு ஈடாக இன்னொரு 10 சதவீதம். லேப்களும் பிளான்ட்களும் இந்த வழியில் நிறையப் பேரை எடுக்கின்றன. ஒரு பிரெஞ்சு லேபில் சில மாதம் வேலை செய்தேன் என்று ஒரு வரி வந்துவிட்டால் அடுத்த கதவு தட்டுவது சுலபம்.

இரண்டாவது, வாரத்தில் சில நாள் கல்லூரி, மீதி நாள் கம்பெனி என்று சம்பளத்தோடு படிக்கும் 'அல்தெர்னான்ஸ்'. பகுப்பாய்வு வேதியியலும் தரக்கட்டுப்பாடும் சேர்ந்த தொழில்சார் பட்டம் அங்கே பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. முதுகலையின் கடைசி வருடத்தையும் இப்படிப் படிக்கலாம். பெரும்பாலும் பி2 கேட்பார்கள். தங்கச்சி, இங்கே உங்கள் வயதைக் கவனியுங்கள்: இதில் ஒரு வகை ஒப்பந்தத்துக்குப் பொதுவான வயது வரம்பு 30-ஆவது பிறந்தநாள் வரைக்கும்தான். அதைத் தாண்டினாலும் வேலை தேடுவோருக்கான இன்னொரு வகை உண்டு, கதவு மூடிவிடாது. ஆனால் முதல் வகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே முயற்சி செய்வது நல்லது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு டிகிரி அளவில் மறுபடி ஏன் படிக்கணும் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒரு வருடம் கீழே இறங்கி, பிரெஞ்சுக் கல்லூரியின் பெயரும் கம்பெனி அனுபவமும் சேர்ந்து மேலே வருவது நல்ல கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாவது நேரடி விண்ணப்பம். செய்யுங்கள், ஆனால் முதல் வருடத்தில் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

மொழி ஏறும்வரை இடைக்கால வேலை ஒன்று வேண்டியிருக்கும். க்ளீனிங் வேலையைப் பற்றிப் பயமுறுத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்து, புதுச்சேரியில் வீடும் கட்டிய பெண்களை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. குறைந்தபட்சச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் மணிக்கு ஏறத்தாழ 12 யூரோ, எந்த வேலையானாலும் அதுதான் அடித்தளம். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்னும்போது, பிரெஞ்சு பேசவேண்டி வரும் வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் தமிழ்க் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்தால் முதல் மாதம் மனசுக்கு இதமாக இருக்கும்: முருங்கைக்காய் இருக்கும், நம் மொழி இருக்கும், பேச்சுத்துணை இருக்கும். வருடம் போனபின் பிரெஞ்சு அதே இடத்தில் நிற்கும். சனிக்கிழமை சாமான் வாங்கப் போங்கள், வேலைக்கு வேறு இடம் பாருங்கள்.

இடைக்கால வேலையே நிலையானதாக மாறுவதும் உண்டு. என்னிடம் படித்த வில்லியனூர்ப் பெண் ஒருவர், பி.காம்., கணக்கர் வேலை தேடித்தான் போனார். பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் 'ஆ.யெ.எஸ்.ஆஷ்.' வேலையில் சும்மா சேர்ந்து பார்த்தார். மூன்று வருட ஒப்பந்தம், பிறகு நிரந்தர ஒப்பந்தமாக்கலாம். முழுநேரம் இல்லை என்பதால் சம்பளம் குறைவு, அதை மறைக்கவில்லை. பேசாமலே இருந்த ஒரு பையன் தன் பென்சிலை அவரிடம் நீட்டி "நீ எழுது" என்று முதல் முறை சொன்ன நாளில் எனக்குப் போன் செய்து அழுதார். கணக்கர் வேலைக்கு இனி போகமாட்டேன் என்கிறார். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கீகாரம் பெற்ற 'அசிஸ்தான்த் மத்தெர்னெல்' வேலையும் நம் பெண்கள் பலருக்கு ஒத்துவரும். 120 மணிநேரப் பயிற்சி, அதில் 80 மணிநேரம் முதல் குழந்தை வருவதற்கு முன்பே. உங்கள் மனசு லேபில் இருப்பதால் இந்த இரண்டையும் உங்களுக்குச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நர்ஸ் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்திய நர்சிங் பட்டத்தை பிரான்ஸ் நேரடியாக ஏற்காது, அங்கே நர்சிங் கல்லூரியில் சேர்ந்துதான் தகுதி பெற வேண்டும். சிங்கப்பூர் போகிறவர்கள், 2021 மே முதல் கணவரின் சார்பு பாஸில் பொதுவாக வேலைக்குப் போக முடியாது, உங்களுக்கென்று தனி வேலை பாஸ் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வேலை அனுமதி கிடையாது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களுக்குத்தான். கல்யாணப் பேச்சின்போதே விசா வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: முதலில் வேலையா, முதலில் குழந்தையா என்று. அது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முடிவு செய்வது, நான் உள்ளே வரமாட்டேன். பி1 தேர்வை மட்டும் அதற்கு முன் எழுதி முடித்துவிட்டால் நல்லது. கைக்குழந்தையோடு மொழி வகுப்புக்குப் போய்வருவது உடம்புக்கும் மனசுக்கும் ரொம்பச் சிரமம். கிரெஷ்ஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டி வரும் என்பதால், கர்ப்பமாக இருக்கும்போதே நகராட்சியில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேச வேண்டிய விஷயம் வீடு. சார்செல் பாரிஸுக்கு வடக்கே, ஷார்த்ர் தென்மேற்கே. நகரத்தை முழுதாகக் கடந்துதான் போக வேண்டும். தினமும் அது நடக்கிற காரியம் இல்லை. வடக்குப் பக்கத்திலும் லேப்கள் உண்டு, அங்கேயும் தேடலாம். ஆனால் வாடகை வீட்டில்தான் இருக்கிறார், இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வீடு வாங்கும் யோசனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்தெந்த ஊரிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கு ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள் போகலாம் என்று இருவரும் சேர்ந்து வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அவருடைய ஆபீஸுக்கு எவ்வளவு தூரம் என்பதோடு உங்கள் லேபுக்கு எவ்வளவு தூரம் என்பதும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.